மாடியம்மா பேசுகிறாள்

இன்று காலை கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர், "சொல்லுங்க சார்" என்றார். நம்பரைச் சொன்னேன். "இது மேடம் பேர்ல இருக்குது சார், அவங்ககிட்ட குடுங்க" என்றார். மேடம்தான் பேசுகிறேன் என்றதும் பாவம், பதறிப்போய்த் திரும்பத் திரும்ப சாரி சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. இந்த மாதிரி விஷயத்தை முதலில் உனக்குத்தான் சொல்வேன். நீ போய், வருகிற கார்த்திகையோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் விரல் உன் நம்பருக்குத்தான் போகிறது.

இதே 'சார்' குரல் ஒரு காலத்தில் என்னை என்ன பாடு படுத்தியது என்று உனக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். ராகம் தாளம் எல்லாம் யாருக்கும் வேண்டாம், பெண்ணுக்கு வாய் திக்கவில்லை என்று தெரிந்தால் போதும். முதலில் வந்தவர்கள் முன்னால் நான் இரண்டு வரிதான் பாடினேன். மாப்பிள்ளையின் அத்தை கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "பொண்ணுக்கு ஆம்பளத் தொண்டையா இருக்குதே" என்றாள். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் அம்மா முந்திக்கொண்டு, தொண்டை கட்டியிருக்குதுங்க என்று சொல்லிவிடுவாள். சித்திரை வெயிலில்கூட எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வந்தவர்கள் சீக்காளிப் பெண் என்று நினைத்துக்கொண்டு காபி குடித்த கையோடு எழுந்து போனார்கள்.

ஆபீஸிலும் நான் கிசுகிசுவென்றுதான் பேசுவேன். பக்கத்து நாற்காலியில் இருந்தும் பல மாதம் நீ என் குரலைச் சரியாகக் கேட்டதில்லை. மாவட்டம் புதிதாகப் பிரிந்து, ஆபீஸ்கள் டவுனுக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். சாயங்காலம் டவுனுக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் நீ குடையும் டிபன் பாக்ஸுமாக ரோட்டைக் கடந்து ஓடி வருகிறாய், பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த நான் என்னை மறந்து, "வண்டிய நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே பிரேக் போட்டார். ஏறி வந்த நீ தேங்க்ஸ் எல்லாம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது கேட்டாய்: "இத இவ்ளோ நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?"

ஆபீஸ் பொங்கல் விழாவுக்கு நீ நாடகம் எழுதியது அதற்குப் பிறகுதான். செங்கம் ரோட்டில் அறைகளை வாடகைக்கு விடும் ஒரு வீடு. கீழே குடியிருப்பவர்கள் எல்லாம் மேடையில். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா மட்டும் கடைசிவரை இறங்கி வரவே மாட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அந்த மாடியம்மா நான்தான் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். மாட்டேன் என்று அழுதேன். "உன் மொகம்தான் தெரியாதே, எதுக்கு அழறே?" என்றாய்.

வீட்டுக்காரி என்றால் அதட்ட வேண்டும் என்று நினைத்து முதல் ஒத்திகையில் கத்தித் தீர்த்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "கத்தறவளுக்கு எவன் பயப்படுவான்? கூப்ட்டா வருவாங்கனு அவளுக்குத் தெரியும்டி. அப்புறம் எதுக்குக் கத்தணும்?" மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல வைத்தாய்: "யாரது?" கதவுச் சத்தம் கேட்ட உடனே சொன்னால் பயந்தவள் மாதிரி இருந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னதும் வீடே அவளுடையது ஆகிவிட்டது. எனக்கே தெரிந்தது.

அடுத்த தொல்லை, கீழே குடியிருக்கும் வாத்தியார். அவர் மாடியம்மாவைப் பார்க்காமலே மனசைப் பறிகொடுக்க வேண்டும். இந்தக் குரலை வைத்துக்கொண்டு அதற்கு நான் எங்கே போவேன்? கொஞ்சம் குழைத்துப் பேசட்டுமா என்று கேட்டேன். இனிப்பு ஜாஸ்தியானால் திகட்டும் என்றாய். "சிரிக்காதே. சிரிப்ப அடக்கிகினு பேசு. கீழ நிக்கறவனுக்கு அது தெரியும்." அவள் பார்க்க எப்படி இருப்பாள் என்று கேட்டதற்கு, "எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ பேசும்போதுதான் நானே பாக்கறேன்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கேட்டுவிட்டு, "மூக்குத்தி போட்டிருக்கா" என்றாய். அன்றைக்கு எனக்கு மூக்கு குத்தக்கூட இல்லை.

விழாவன்று பாதி நாடகத்தில் கரண்ட் போய்விட்டது. மைக்கும் போச்சு. நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன, விசில் பறந்தது, கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. இருட்டில் என் முதுகில் உன் கை விழுந்தது. "பேசு" என்றாய். என்ன பேச, வசனமே இல்லையே. ஒரு மூச்சு விட்டேன்.

"யாரும் எழுந்திருக்காதீங்க. இது என் வீடு. கரண்ட் வர்ற வரைக்கும் நான் பேசறேன், நீங்க கேளுங்க."

நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு நடந்தது எனக்கே தெரியாது. குழாயைத் திறந்துவிட்டுப் போனது யார், ஈரத்துணியை என் தலைக்கு நேரே காயப்போட்டது யார் என்று கீழ்வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விளக்கு வந்தபோது யாரும் இடம்விட்டு நகரவில்லை. நாடகம் முடிந்ததும் நம் ஹெட் கிளார்க் தலையைப் படிய வாரிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து, அந்தம்மா எங்கே என்று தேடினார். என்னைக் காட்டினாய். அவர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தோம்.

நீ மட்டும் என்னைப் பாராட்டவில்லை. கடைசிக் காட்சியில் வாத்தியார் மாற்றலாகி ஊரைவிட்டுப் போகிறார். இப்போதாவது மாடியம்மா இறங்கி வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்க, மேலிருந்து, "போயிட்டு வாங்க. படி பார்த்து இறங்குங்க" என்று மட்டும் வரும். அன்றைய சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்து, அந்த வசனம் நடுங்கிவிட்டது. அழுதால் அவன் எப்படிப் போவான், அழாமல் சொன்னால்தான் திரும்பி வரணும்னு தோணும் என்று அன்றைக்குத் திட்டினாய். அதற்கப்புறம் சண்டை வரும்போதெல்லாம், "கடைசி வசனத்தக் கெடுத்தவதானே நீ" என்பாய்.

தை முடிவதற்குள் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பாட்டு என்றார்கள். அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். காபித் தட்டோடு நின்ற நான், "கட்டலைங்க. என் தொண்டையே இதுதான்" என்றேன். அவசரப்படாமல் சொன்னேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னாமா, வேங்கிக்கால் நாடகத்துல கரண்ட் போனப்ப எழுந்திருக்காதீங்கன்னது நீதானா? பக்கத்து வூட்டுப் பொண்ணோட வந்திருந்தேன். எழுந்தவ, பட்டுனு உக்காந்துட்டேன்."

நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை எடுத்த மாதிரி இருந்தது. அந்த அம்மாதான் என் மாமியார். இன்றைக்கும் தெருவில் யாராவது வம்புக்கு வந்தால், உள்ளே பார்த்து, நீ வந்து பேசும்மா என்று கூப்பிடுகிறார். மூக்குத்தியும் அவர் போட்டதுதான்.

போன வருஷம் நீ வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாய். வராதே, என்னை இப்படிப் பார்க்காதே, போனில் பேசு போதும் என்று பிடிவாதம் பிடித்தாய். ஒரு நாள் உன் வீட்டுக்காரர் உன் காதில் போனை வைத்தார். உன் குரல் ரொம்பக் கம்மியாக இருந்தது. ஊரையே விரட்டிய குரல். "கடைசி வசனத்தச் சொல்லுடி" என்றாய்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டேன்.

"போயிட்டு வாங்க. படி பார்த்து இறங்குங்க."

"இப்பதாண்டி சரியா வந்திருக்கு" என்றாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாய். எனக்குத் தெரியாதா?

அடுத்த வாரம் போய்விட்டாய். போனை வைத்த பிறகு நான் அழுத அழுகை வேறு. ஆனால் அந்த இரண்டு வரியை நடுங்காமல் சொல்லிவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் அப்பாடா என்று இருக்கிறது. வேறு யாரிடமாவது இதைச் சொன்னால் என்ன மனுஷி இவள் என்பார்கள். உனக்குப் புரியும்.

இப்போது நாங்கள் மாடியில் இருக்கிறோம், கீழ்வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. இதை எழுதும்போதே யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள். சிலிண்டராக இருக்காது, அதற்கு நாளாகும். உடனே குரல் கொடுக்கவில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"யாரது?"

தட்டுவது நின்றுவிட்டது.