குடும்பநலப் பிரிவு, இரண்டாம் மாடி

மார்ச் 3, திங்கள்
மனைவிக்கு இன்னொரு பிரசவம் என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவளுக்கோ கருத்தடை ஆபரேஷன் என்றாலே நடுக்கம். "நான் பண்ணிக்கிறேன்" என்றேன். "நீங்களா? ஊசி போட்டாலே மயங்கி விழுற ஆளு" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள்.

மார்ச் 6
சுகாதார நிலையம். பெஞ்சு முழுக்கப் பெண்கள். நான் உட்கார்ந்ததும் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.
நர்ஸ் கேட்டாள்: "மனைவி எங்க?"
"வீட்டுல."
"அப்ப யாருக்குப் பாக்கணும்?"
"எனக்கு."
"உங்களுக்கு என்ன?"
"தலைவலி" என்றேன். கீழே அனுப்பிவிட்டாள். தலைவலி மாத்திரையோடு வீடு வந்தேன். தேவையா எனக்கு?

மார்ச் 11
வேலையிலிருந்து நேரே போனது தப்பு. லிஃப்ட் கம்பெனிச் சட்டை. வாசலிலேயே காவலாளி, "வந்துட்டீங்களா சார்! உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் வேறு கம்பெனி, வேறு விஷயமாக வந்தவன் — யார் கேட்கிறார்கள்? மெஷின் அறைக்குப் போய் பிரேக்கைத் தளர்த்தி, பெட்டியை இறக்கிக் கதவைத் திறந்தேன்.
உள்ளே என் மாமியார், நாற்பத்து மூன்று வயது.
கையில் கருத்தடை மாத்திரை அட்டை.
"மாப்பிள்ளை! நீங்க எங்க இங்க?"
"லிஃப்ட் பாக்க, அத்தை. நீங்க?"
"கண்ணு பாக்க."
அந்தக் கட்டடத்தில் கண் டாக்டரே கிடையாது. இருவரும் தரையைப் பார்த்தோம். அந்த நேரம் பார்த்து நர்ஸ் மாடியிலிருந்து, "தலைவலி சார்! நீங்க அன்னைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தானே வந்தீங்க? வெட்கப்படாம மேல வாங்க" என்று கூவினாள்.

மார்ச் 12
அத்தை போன் செய்யவில்லை. செய்தால் மட்டும் என்ன பேசுவதாம்?

மார்ச் 16, ஞாயிறு
மாமனார் வீட்டில் சாப்பாடு. மாமா ஆரம்பித்தார்: "ரெண்டும் பொண்ணாப் போச்சு. அடுத்தது பேரனா..."
எப்போதும் ஒத்து ஊதும் அத்தை இன்று கரண்டியை ணங்கென்று வைத்தார். "பேரன் வேணும்னா நீங்களே பெத்துக்குங்க. எனக்கு என் பொண்ணு உசுரோட வேணும்."
மாமா மென்றதை விழுங்க மறந்துவிட்டார்.
கை கழுவும்போது அத்தை பக்கத்தில் வந்து, "ஆபரேஷனுக்குத் துணைக்கு ஆள் வேணுமாமே. நான் வர்றேன். அவ பிள்ளைங்களைப் பாத்துக்கட்டும்" என்றார்.

மார்ச் 20
முடிந்தது. மயங்கவில்லை. கிட்டத்தட்ட.
"மருமகனுக்குப் பண்ண மாமியாரே கூட்டிட்டு வந்திருக்காங்க!" என்று மற்ற நர்ஸ்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள் அந்த நர்ஸ். பெஞ்சிலிருந்த ஒரு பெண், "எப்படிங்க சம்மதிக்க வச்சீங்க?" என்று கேட்க, அத்தை கூசாமல் சொன்னார்: "எல்லாம் வளர்ப்புதான்."
என்னமோ அவரே வளர்த்த மாதிரி!

மார்ச் 21
ஐஸ் ஒத்தடம். இவள் நடையைப் பார்த்துக் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

ஜூன் 20, வெள்ளி
இனி கரு உண்டாகும் பயமில்லை என்று என் பரிசோதனையில் வந்துவிட்டது. சொன்னதும் இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தோளில் சாய்ந்தாள்.
சாயங்காலம் மாமா தனியாக வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் வானிலை அறிக்கை பார்த்தார்.
"உங்க அத்தைக்கு மாத்திரை ஒத்துக்கலையாம்" என்றார், திரையைப் பார்த்தபடியே.
"அப்படியா மாமா."
நானும் திரையைத்தான் பார்த்தேன்.
"வலிக்குமா?"
"ரெண்டு நாள்."
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். அப்புறம் கேட்டார்: "திங்கக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா மாப்பிள்ளை?"