காற்றே இல்லை என்றாய்

தம்பி பல்ஜோருக்கு அக்கா யாங்டோல் எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாய். அதனால் லே நகரத்துக்குப் போகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நம் சின்னத் தம்பி துண்டுப்பை எரித்தாயிற்று. வீட்டில் லாமாக்கள் ஓதுகிறார்கள். அப்பா விளக்குக்கு வெண்ணெய் உருக்கியபடியே இருக்கிறார், சாப்பிடுவதில்லை. நம் கடைக்குட்டி போய்விட்டான் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. “மேல காத்தே இல்லைன்னு உன் பெரிய தம்பி வானிலை ஆபீஸ்ல இருந்து சொன்னான். அந்தத் தைரியத்துலதானே சின்னப் பய யாக்க ஓட்டிக்கிட்டு கணவாய் ஏறினான்” என்று சித்தப்பா என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நீயும் அதை நினைத்துத்தான் ஊருக்கு வராமல் ஒளிந்திருக்கிறாய்.

பனிக்காற்றில் சிக்கியவனைத் தேடிப் போனவர்களோடு நானும் போனேன். பனியாற்றில் நீ நட்ட வானிலைக் கம்பத்தருகே ஒதுங்கினோம். காற்று ஆளையே தள்ளியது. ஆனால் காற்றை அளக்கிற அந்தக் கிண்ணங்கள் மட்டும் அசையவில்லை. ஆசீர்வாதமாகப் போடுகிற வெள்ளைக் கதக் துணி ஒன்று அவற்றைச் சுற்றி, பனியில் இறுகிக் கிடந்தது.

அப்பா கட்டியதுடா. தம்பி கிளம்புவதற்கு முன்னால் யாக் மேய்க்கப் போனவர் வந்து பெருமையாகச் சொன்னார்: “எம்புள்ள நட்டது அங்க தனியா நிக்குது. ஒரு கதக் போடாம வர மனசு வரல.” கம்பத்தில்தான் கட்டியிருப்பார், காற்று தூக்கிச் சுற்றிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் பிய்த்து எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். கிண்ணங்கள் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தன. பாவி மனுஷன், ஆசீர்வாதம்தானே செய்தார்!

உன் தப்பு இல்லை. கம்பத்திலிருந்து உனக்கு வந்து சேர்ந்ததைத்தான் நீ சொன்னாய்.

நேற்று அப்பா பெட்டியைத் திறந்து புதுக் கதக்குகளை எடுத்து மடித்தார். “ஒண்ணு பத்தல போல. அதான் இப்படி ஆயிடுச்சு. இந்தத் தடவ நெறைய கட்டிட்டு வரேன்” என்கிறார். எதைச் சொல்லித் தடுப்பேன்?

நீ புறப்பட்டு வா. “நான்தான் கணக்கைத் தப்பாப் பார்த்துட்டேன், கம்பத்தையும் கழற்றியாச்சு” என்று அப்பாவிடம் சொல். அடித்தால் வாங்கிக்கொள். மகனைக் கொன்றது தன் கைதான் என்று தெரிந்தால் அவர் பிழைக்கமாட்டார்.

மும்மணிகள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எனக்கு இருப்பது இனி ஒரு தம்பிதான்.

உன் அக்கா,
யாங்டோல்