இடது கையால் ஊட்டிய முதல் சோறு

சிம்பாங் பூலாய்,
12.8.1979

அன்பு மகள் லோகநாயகிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அங்கே லண்டனில் நீயும் பேத்தியும் உன் வீட்டுக்காரர் யேசுதாசனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் போட இரண்டு மாதம் ஆனதற்குக் கோபிக்காதே. கல் உடைக்கும் கம்பெனி வாசலில் நாள் முழுக்க லாரிக்குக் கேட்டைத் திறந்து மூடி, தூசியைத் தின்றுவிட்டு வந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை. அது பாதி உண்மை. மீதி, நடந்ததை எழுத வெட்கம்.

நீ அனுப்பிய படப்பெட்டி வந்தது. அம்மா மனம் இறங்கினால் தைப்பூசத்துக்கு மூவரும் வருகிறோம், இல்லாவிட்டால் வரவில்லை என்று நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சித்தியவான் ஊர் வேதக்காரப் பையனை நீ கேட்காமல் கட்டிக்கொண்டதிலிருந்து மூன்று வருடமாக உன் பேரைச் சொல்லாதவள், பெட்டியைத் திறங்க என்றாள். திறந்தால் படம் தாளில் இல்லை. அட்டைச் சட்டத்துக்குள் தபால்தலை அளவு பிலிம். சுவரில் வெளிச்சம் பாய்ச்சிக் காட்டுகிற மிஷின் வேண்டுமாம். நம்மிடம் இருப்பது ஒரு டார்ச் லைட்டு, அதிலும் பேட்டரி இல்லை. ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எறும்புக்கு அனுப்ப வேண்டியதை நமக்கு அனுப்பிட்டாளா என்றாள்.

ஈப்போவில் தாளுக்கு மாற்றித் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் உன் அப்பனுக்கு மூளை வேலை செய்தது. ஆறாம் வகுப்பு மூளை. ஸ்டூடியோவுக்குக் கொடுக்கிற பிலிம் வெறுமனேதானே இருக்கும், இந்த அட்டை தபாலில் கசங்காமல் இருக்க நீ ஒட்டியது என்று நினைத்து, பன்னிரண்டையும் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டு அட்டையை அடுப்பில் போட்டேன். ஸ்டூடியோ முதலாளி, சீனத் தவுக்கே, கோலாலம்பூருக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்துப் பெரிய படங்களாகக் கொடுத்தார். சீர்த்தட்டு மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தேன்.

முதல் படமே நீ பேத்திக்கு முதல் சோறு ஊட்டுவது. இடது கையால். முந்தானை வலது தோளில். உன் அம்மா படத்தைக் கவிழ்த்து வைத்தாள். சோறு ஊட்டுற கையக்கூட மாத்திப்புட்டானுங்களா, வர வேணாம்னு எழுதிப் போடுங்க லா என்றாள். குளிர் தேசம், வலது கை விறைத்துப் போயிருக்கும் என்று சமாதானம் சொன்னேன். முந்தானையுமா வெறச்சுப் போச்சு என்று கேட்டாள். எழுதக் காகிதத்தை எடுப்பதும், முட்டி வலி என்று வைத்துவிடுவதுமாக நாளைத் தள்ளினேன். உண்மையாகவே களைத்துப் போனேன் மகளே. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலும் கேட் திறந்து மூடுகிற வேலை எனக்குத்தான்.

கவிழ்த்து வைத்ததை அவள் தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். போன செவ்வாய், வேலை முடிந்து வந்தவனைச் சட்டை கழற்ற விடாமல், ரப்பர் தோட்டத்துல பால்வாளி கிழிச்ச தழும்பு நம்ம புள்ளைக்கு எந்தக் கையில என்றாள். இடது கை என்றேன். இதுல வலது கையில இருக்கு பாருங்க, தழும்பு எப்படிக் கை மாறும் என்றாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். தவுக்கே பிலிமை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். எது முன்பக்கம் என்று அந்த அட்டையில்தான் போட்டிருக்குமாம், அது இல்லாததால் இடம் வலமாக அச்சாகிவிட்டதாம். சாலா, அண்ணே, சாலா, தப்பாப் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது, தலை அவருடையது. திருப்பி அச்சடிக்க இன்னும் மூன்று வாரம், அதுவரை கண்ணாடியில் பார் என்றார்.

நான் சவரம் செய்யும் கண்ணாடி முன்னால் பிடித்தேன். வலது கையால் ஊட்டினாய். முந்தானை இடது தோளுக்கு வந்தது. உன் அம்மா என் கையிலிருந்து படத்தை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது, அவள் திரும்பவில்லை. அப்புறம் என்னைத் திட்டியதை எழுத இந்தத் தாள் போதாது.

மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். வரும் தேதியை உடனே எழுது, லீவு சொல்ல வேண்டும். உன் அம்மா பக்கத்தில் நின்று ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறாள், மாப்பிள்ளை உறைப்பு எவ்வளவு சாப்பிடுவாராம். சித்தியவான் ஆள், எல்லாம் சாப்பிடுவார் என்றேன். ஒங்கள யாரு கேட்டா, மாப்பிள்ளையக் கேட்டு எழுதச் சொல்லுங்க என்கிறாள். மாப்பிள்ளை என்றுதான் சொன்னாள். இரண்டு தடவை.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்துமலை