எல்லாரும் ஆமென் போட்டார்கள்

மார்ச் 4
வலிப்பு மாத்திரை போட்டதும் என் மகள் யாரெலி சுருண்டுவிடுகிறாள். வலிப்பு வரவில்லைதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை, தின்ன எடுத்த டோர்டியா ரொட்டியைக் கையில் பிடித்தபடி தூங்கினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? டாக்டர் "பழகிடும்மா" என்கிறார். அவருக்கென்ன!

மார்ச் 6
வலிப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதியிருக்கிறாள். மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக் கஷாயம் கொடுத்தாளாம், பிள்ளைக்குச் சுத்தமாகக் குணமாம். கீழே ஆமென், ஆமென், ஆமென்... திரையைத் தள்ளத் தள்ளத் தீரவேயில்லை. இத்தனை தாய்மாரா பொய் சொல்வார்கள்?

தலைநகரத்துக்குத் தக்காளி ஏற்றிப்போகக் கிளம்பிய என் வீட்டுக்காரர் ஒப்துலியோ கத்தினார்: "மூஞ்சி தெரியாதவ பேச்சைக் கேப்பியா?"

"நம்ம சபை இஸ்மெல்தா அக்காவும் ஆமென் போட்டிருக்காங்க. அவங்க மகனுக்கும் இதே வியாதிதான். அவங்க மூஞ்சியும் தெரியாதா?"

தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

மார்ச் 9
மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுக்கிறேன். துள்ளி விளையாடுகிறாள். நான்தான் நொடிக்கொரு தரம் அவள் கண்ணைப் பார்க்கிறேன்.

மார்ச் 11
சோளம் அரைக்கும் மில் வரிசையில் விழுந்தாள். கண் செருகி, வாயில் நுரை. வலிப்பு நிக்கவே இல்லையே — ஐயோ, நிக்கவே இல்லையே! டுக்டுக் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"யார் நிறுத்தச் சொன்னா?" என்றார் டாக்டர்.

"எல்லாரும்" என்றேன்.

மார்ச் 13
கண் விழித்தாள். பசிக்கிறதாம். கர்த்தாவே!

இஸ்மெல்தா அக்கா சூப் கொண்டுவந்தார். அந்தக் கஷாயத்துக்கு ஏன் ஆமென் போட்டீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"ஐயையோ, புள்ளைக்குச் சொகமாச்சுன்னு மேல இருந்துச்சு, ஆமென் போட்டேன். கீழ யாருடி படிச்சா? கடவுள் பேரு இருந்தா போடாம போகலாமா? எம் மவன் இன்னைக்கும் மாத்திரைதான் முழுங்கறான்."

அவரை என்ன சொல்வது? போன வாரம் யாரோ மாடு காணோம் என்று போட்டதற்கு நானும்தான் ஆமென் போட்டேன்.

மார்ச் 16
வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார். அவ்வளவு தூக்கமில்லை.

குழுவில் எழுதினேன்: "மாத்திரையை நிறுத்தினேன். என் மகள் சாகக் கிடந்தாள். யாரும் நிறுத்தாதீர்கள்."

ஆமென். ஆமென். ஆமென்.

போனைத் தூக்கி அரிசிப் பானையில் போட்டுவிடலாம் போலிருந்தது.

மார்ச் 17
யாரோ ஒருத்தி எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். "சகோதரி, நானும் நேத்துதான் மாத்திரையை நிறுத்தினேன். இப்ப மறுபடி எத்தனை மாத்திரை கொடுக்கட்டும்?"

உடனே கூப்பிட்டேன். "என்னைக் கேக்காத தாயி. புள்ளையத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போ. போய்ச் சேர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

அழுதுகொண்டே கிளம்பினாள். டாக்டரின் குரல் கேட்ட பிறகுதான் போனை வைத்தேன்.