இது அந்த நாள் இல்லையாம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கணவனிடம் சொல்லாமல் விட்டது: "எனக்கும் அங்கே வந்து இருக்க ஆசைதான்."

சொல்லியிருந்தால் இந்த மாதக் கடைசியிலேயே மூட்டை கட்டச் சொல்லியிருப்பான். ஊருக்கு வெளியே அவன் வாங்கிப் போட்ட நிலத்தில் ஓர் அறையும் ஆழ்துளைக் கிணறும் தயார். நான் வேலையை விடுவதுதான் பாக்கி. "கேட்டுட்டே இருக்கேன், வாயத் திறக்க மாட்டேங்கிறியே" என்று கோபித்துக்கொண்டு போய் டிரம்களைத் துடைத்தான்.

ஆறு நீல டிரம்கள். பால்கனியில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் நொறுங்கும் நாளுக்கான தண்ணீர். மாதம் ஒருமுறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறான் — குழாய்த் தண்ணீரில்தான். எதை நம்பாதே என்கிறானோ அதிலிருந்தே!

மார்ச் 9, ஞாயிறு

அத்தை போனில்: "மாடு வளர்க்கப் போறானாமே? ஒரு மணி பிளான்ட்டையே காயப்போட்டுக் கொன்னவன்மா இவன்." சிரித்துவிட்டேன். மாமியாரும் மருமகளும் கூட்டு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆனால் அவன் சொல்வது வெறும் பைத்தியக்காரத்தனம் என்று என்னால் தள்ள முடியவில்லையே. குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள் நான். இந்த ஊர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அவனைவிட எனக்குத் தெரியும். அழிந்துபோன நகரங்களைப் பற்றிய புத்தகங்களை அவனுக்குக் கொடுத்ததே நான்தான். நான் படித்துவிட்டு மூடி வைத்தேன். அவன் டிரம் வாங்கினான்.

மார்ச் 11, செவ்வாய்

பிரதான குழாய் உடைந்தது. பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவுக்கும்.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்க ஒரே வாக்கியம்: "நாளைக்கு வந்துடும் சார்." ஒருவர் கேட்டார்: "நாளைக்குன்னா எந்த நாளைக்கு? போன வருஷமும் இதே நாளைக்குத்தானேம்மா சொன்னீங்க?" தொண்டை கட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து டிரம் மூடியில் கை வைத்தேன்.

"அதைத் தொடாத. இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"இது வெறும் குழாய் உடைப்பு. இதுக்கே எடுத்துட்டா, நிஜமா வரும்போது என்ன பண்றது?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினேன். அழிவு வருமுன் இவனிடம் முன் அனுமதி வாங்க வேண்டுமோ?

மார்ச் 13, வியாழன்

மேல் வீட்டு அக்கா பக்கெட்டோடு வந்து நின்றாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். "ஒரு பக்கெட் போதும் தம்பி. ரெண்டுக்கும் மாத்தி மாத்தி வயித்தால போகுது, துணி அலசக்கூட வழியில்ல."

"எங்ககிட்டயும் இல்லக்கா" என்றான்.

பால்கனிக் கதவு திறந்தே கிடந்தது. அக்காவின் கண் ஒருமுறை அங்கே போய்த் திரும்பியது. காலி பக்கெட்டோடு படியேறிப் போனாள். அவன் முதுகுக்குப் பின்னால்தான் நானும் நின்றேன். ச்சே.

அந்த நிலத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது கீரைப் பாத்தியும் அமைதியும்தான். இன்றுதான் வேலி தெரிந்தது. வேலிக்கு வெளியே பக்கெட்டோடு அக்கா.

மார்ச் 14, வெள்ளி

லீவு போட்டேன். அவன் வேலைக்குப் போனதும் முதல் டிரம்மைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கீழ் வீட்டு டிரைவரைக் கூப்பிட்டாள். அவர் கட்டடத்தையே கூப்பிட்டுவிட்டார். மதியத்துக்குள் மாடிப்படி முழுக்க ஈரம். "பிளாஸ்டிக் வாடை அடிக்கும், குடிச்சிடாதீங்க" என்று கத்திக்கொண்டே மொண்டு ஊற்றினேன். "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா" என்றார் டிரைவர். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

சாயங்காலம் அவன் ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் காலிச் சத்தம்.

"உன்னை நம்பி அங்க எப்படி இருக்கிறது?"

"இருக்க வேணாம். நான் வரல."

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது குழாயில் தண்ணீர் வரும் சத்தம். அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு நாள் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 6, ஞாயிறு

போய்விட்டான். ஐந்து டிரம்களும் போயின. ஒன்றை நான் விடவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பாதியாக அறுத்து மண் போட்ட டிரம்மில் தக்காளி காய்த்திருக்கிறது, கோலிக்குண்டு அளவில். இதை வைத்து யார் பிழைப்பது? ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போகிறேன்.

இன்று அவன் வந்தான். கறுத்து, இளைத்து, கையில் இரண்டு கேன்களோடு. நிலத்தில் மோட்டார் போட்டால் சேறுதான் வருகிறதாம். தண்ணீர் வேண்டும் என்று அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஒரு கேனை அவன் தூக்கிக்கொண்டான். மற்றதை, படியில் எதிர்ப்பட்ட மேல் வீட்டு அக்கா ஒரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கிக் கொடுத்தாள்.