பட்டியலில் முதல் பெயர்

வியாழன், இரவு.

இந்தக் கோணல் எழுத்தை நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜெயிலுக்கு வந்துதான் எழுதக் கற்றேன்.

இன்று நர்சம்மா பால்வினை நோய்களைப் பற்றி எங்களுக்கு விளக்கினார். ரத்தப் பரிசோதனைக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதுங்கள் என்று நோட்டை நீட்டினார். கேலிக்குப் பயந்து ஒருவரும் தொடவில்லை. லாரி டிரைவர் மணி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அடுத்த மாதம் அவனுக்கு விடுதலை. நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு பெண்டாட்டி பக்கத்தில் எப்படிப் போவேன் என்று நேற்று என்னிடம் அழுதான்.

நான் நோட்டை வாங்கி என் பெயரை எழுதினேன்.

"இன்னா தாத்தா, இந்த வயசுல உனக்கு எதுக்கு டெஸ்ட்டு?"

"எங்க கல்வராயன் மலையில போய் என்னைப் பத்தி விசாரிச்சிப் பாருங்கடா!"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மணி எழுதிவிட்டான். பின்னாலேயே ஏழு பேர்.

முடிவு அடுத்த வாரம். அவனுக்கு ஒன்றும் இல்லையென்றால் அதை எழுதுகிறேன். நோய் இருந்தாலும் மருந்து உண்டாம், அதையும் எழுதுகிறேன்.