நூல் தராசில் றபீக்கா

18.08.1982
நூல் நிறுக்கும் தராசில் சீலையை மடித்துப் போட்டு மகளை வைத்தேன். பத்தே முக்கால் இறாத்தல். போன கிழமை பதினொன்று. நூல் குறைந்தால் யார் எடுத்தது என்று கேட்கலாம். இதை யாரிடம் கேட்பது?

காய்ச்சலோடு எனக்குப் பால் வற்றிப் பதினாறு நாள். போத்தலைக் கண்டால் றபீக்கா முகத்தைத் திருப்புகிறாள். கரண்டியால் ஊட்டினால் பாதியைக் கக்குகிறாள். மூன்று மாதப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாற்பது நாள். எட்டுத் தறியும் ஓடுகிறது. அவளுடைய வாப்பா சவூதியில் லொறி ஓட்டுகிறார். நெய்த சாரன்களை அக்கரைப்பற்றுக் கடைகளுக்குக் கொண்டு நான்தான் போகவேண்டும். பிள்ளை பார்க்க ஆள் வேண்டும்.

19.08
முனவ்வறா வந்தாள். தம்பி ஜவுபரின் மனைவி, வீடு அடுத்த ஒழுங்கையில்.

"என்னகா மச்சி, ஆள் தேடுறீங்களாம். எங்கிட்டத் தாங்களன். ஒண்டோட ரெண்டு."

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளுக்கும் விளங்கும். அவள் மகன் காலிதீனுக்கு ஐந்து மாதம். அவன் பிறந்த அன்றே ஜவுபர், "ராத்தா, உங்களுக்கு மகள் கிடைச்சா இவன்தான் மாப்பிள்ளை" என்றான். நானும் ஓம் என்றேன். அன்று முதல் அவன் பெயரே மாப்பிள்ளை. முனவ்வறாவிடம் றபீக்கா பால் குடித்தால் இரண்டும் கூடப்பிறந்த காக்கா, தங்கச்சி மாதிரி, நிக்காஹ் கூடாது.

இந்த வீடும் தறியும் மகளுக்குத்தான் போகும். எங்கிருந்தோ ஒருவன் வந்து என் தறியை விற்பதைவிடத் தம்பி மகன் இருக்கட்டும். ஒளிக்க என்ன இருக்கிறது, அதுதான் என் யோசனை.

21.08
பிள்ளை பார்க்க வந்தவள் அஸீஸா, சாய்ந்தமருது. கை நகம் எல்லாம் சுத்தம். முன்பு வேலை செய்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன். ஒரு கோப்பைத் தேத்தண்ணி முடிவதற்குள் அந்த வீட்டு மாமிக்கும் மருமகனுக்கும் நடந்த சண்டை முழுவதும் வந்துவிட்டது. நல்ல ருசியான கதை; இன்னொரு கோப்பையும் ஊற்றிக் கொடுத்துக் கேட்டேன். கேட்டு முடித்து அனுப்பிவிட்டேன்.

24.08
பாலம்மா, கல்முனை. ஐம்பது வயதிருக்கும், ஆறு பெற்றவ. ஒன்றும் சொல்லாமல் பிள்ளையையும் போத்தலையும் முன்னால் வைத்துவிட்டு, புது ஆள் நூல் சுற்றுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ பிள்ளையைத் தொடவில்லை. போத்தல் சூப்பியை முகர்ந்து பார்த்தா.

"இது புளிச்சுக் கிடக்கு புள்ள. அடுப்பு எங்க?"

அதைக் கொதிக்க வைத்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினா. அப்போதும் றபீக்கா குடிக்கவில்லை. ஆனால் அந்த மடியில் தூங்கினாள். வைத்துக்கொண்டேன்.

28.08
பத்தரை.

02.09
பத்தே முக்கால்! போத்தலில் பால் பாதிக்கு மேல் மிச்சம். எப்படி? தராசைத் துடைத்து இன்னொரு தரம் வைத்தேன். அதே பத்தே முக்கால். பாலம்மா சிரிக்கிறா, சொல்கிறா இல்லை.

04.09
அக்கரைப்பற்று என்று சொல்லிப் போய், பஸ் ஏறாமல் திரும்பினேன். வீட்டில் ஆள் இல்லை. அழுகைச் சத்தம் அடுத்த ஒழுங்கையிலிருந்து வந்தது. முனவ்வறாவின் மடியில் றபீக்கா வீறிட்டு அழுகிறாள். முனவ்வறா முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி தானும் அழுகிறாள்.

"நாலு தரம் குடுத்திட்டன் மச்சி. எண்ணித்தான் குடுத்தன். அஞ்சாவது உங்கட சொல்லிலதான்."

பக்கத்தில் நின்ற பாலம்மாவிடம் பாய்ந்தேன். "ஆரைக் கேட்டுத் தூக்கிட்டு வந்தீங்க?"

"புள்ளயக் கேட்டன்" என்றா. "பசிக்கிற வயித்துக்கும் எண்ணிக்கையா புள்ள?"

அவவுக்கு எங்கள் முறை தெரியாது. முனவ்வறாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலு தரம் கொடுத்திருக்கிறாள். பிள்ளையைப் பறித்துக்கொண்டு வந்தேன்.

05.09
மௌலவியிடம் கேட்டோம். வயிறு நிறைய ஐந்து தரம் குடித்தால்தான் பால் உறவு. நாலு என்றால் இல்லை. ஜவுபருக்குப் போன உயிர் வந்தது.

"நாலோட நிப்பாட்டிடுவம் ராத்தா. போத்தலுக்குப் பழகிடுவா."

"பழகாட்டி?"

அவன் தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருசம் கழித்து வரும் கலியாணம் அவனுக்குத் தெரிகிறது. ஏசத்தான் வாய் எடுத்தேன். நான் மட்டும் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

07.09
பத்தே கால். இன்று அழவும் இல்லை. தராசில் சும்மா கிடந்து என்னைப் பார்க்கிறாள். அழாததுதான் — அல்லாஹ்வே, என்ன செஞ்சிட்டு இரிக்கன் நான்?

அதே நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு
நானே தூக்கிக்கொண்டு போனேன். முனவ்வறா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.

"குடுங்க" என்றேன். "வயிறு நிறையக் குடுங்க."

ஐந்து. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

30.09
பெருநாள் முடிந்தது. சாரன் ஒன்றும் மிச்சமில்லை. பாலம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தரம் ஒழுங்கையைக் கடக்கிறா. என்னை மட்டும் பார்த்து, "என்ன புள்ள, இண்டைக்கு எத்தினயாவது?" என்று சீண்டுகிறா.

மூன்று கிழமையாக முகம் தராத ஜவுபர் இன்று மகனைத் தூக்கிக்கொண்டு வந்தான். தறிப் பக்கம் போகவில்லை. தராசடியில் நின்றான். றபீக்கா பன்னிரண்டே கால். இரண்டையும் பாயில் போட்டோம். மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் எடுத்தவள், அடக்கிக்கொண்டேன். காலிதீன் உருண்டு போய் றபீக்காவின் கால் பெருவிரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தான்.

ஜவுபர் குனிந்தான்.

"டேய் காக்கா," என்றான், "தங்கச்சிட கால விடுடா."